தராசைச் சுமந்து மலை ஏறிய நாள்

போன மாதம் கண்டியில் நடந்த உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். நல்ல சாப்பாடு போட்டீர்கள், பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. ஆனால் சுவரிலே பெரிதாகக் காட்டினார்களே மூன்று வட்டங்கள், ஒன்றில் கட்டுப்பாடு, ஒன்றில் அதிகாரம், ஒன்றில் செல்வாக்கு, மூன்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு நட்சத்திரம், அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பேச்சாளர் தேயிலையைக் கோப்பைக்கு வெளியே பார்த்திருக்கிறாரோ என்னவோ. நீங்களும் அவர் சொன்னதையெல்லாம் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டீர்கள்.

தேநீர் இடைவேளையில் ஒரு தங்கச்சி வந்து, "சேர், ஆளுகளை எப்படிக் கட்டுப்படுத்துறது?" என்று கேட்டாள். "கட்டுப்படுத்தாதையும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு நான் வடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். பாவம், முகம் சுருங்கிப் போயிற்று. அவளுக்கும் அவளோடு வேலைக்குச் சேர்ந்த மற்றவர்களுக்கும்தான் இந்தக் கடிதம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்துக்காரன். பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக வந்து, கலவரங்களும் யுத்தமும் எல்லாம் அங்கேயே பார்த்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். கொழுந்து எடுக்கும் பெண்களின் வேலையை மேற்பார்வை செய்வது என் உத்தியோகம். உங்களுடைய உத்தியோகமும் அதுதான், இப்போது பெயர் மட்டும் நீளமாகிவிட்டது.

முதலில் கட்டுப்பாடு என்ற சாமானைப் பற்றி. தோட்டத்தின் பக்கத்துப் பிரிவில், டிவிசன் என்போமே, அதில் என்னுடைய வயதுக்காரன் ஒருவன் இருந்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பைப்பில் சனம் தண்ணீரை வீணாக்குகிறது என்று அவனுக்குக் கோபம். ஒருநாள் பைப்புக்குப் பெட்டி அடித்து, பூட்டுப் போட்டு, திறப்பைத் தன் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இனி எல்லாம் என் கையில் என்று எங்களிடம் வந்து மார்தட்டினான். சரி, விடிய முன்னம் சனத்துக்குத் தண்ணீர் வேண்டுமே? அவன்தான் எழும்பிப் போய்த் திறக்க வேண்டும். மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் அவன்தான். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்று, "ஐயா இன்னும் எந்திரிக்கலயா?" என்று அவன் ஜன்னலுக்குக் கீழேயே கேட்பார்கள். ஒரு மாதத்தில் ஆள் துரும்பாகிப் போனான். கடைசியில் பூட்டை அவனே உடைத்தான், திறப்பைத் தொலைத்துவிட்டான் பாருங்கள். வட்டம் போட்டுக் காட்டிய மனிசன் இதைச் சொல்லித் தரவில்லை.

இனிப் பெரிய கதைக்கு வருகிறேன். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன புதிதில் தமிழருக்கு எதிராக ஒரு கலவரம் வந்ததே, அந்த வருஷம்.

எங்கள் டிவிசனின் அமைப்பைச் சொன்னால்தான் விளங்கும். லயங்கள், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் பிள்ளை மடுவம், என் ஒபீஸ் எல்லாம் மலை உச்சியில். அதற்குக் கீழே சரிவு முழுக்கத் தேயிலை. அடியிலே றோட்டு. றோட்டோரத்தில் கொழுந்து மடுவம் என்ற கொட்டகை, அதற்குள்ளே தராசு. லொறி மேலே ஏறாது என்பதால் நிறுவை அங்கேதான். தொழிற்சாலை பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். அங்கே ஊதும் சங்கு எங்கள் மலைக்குத் தெளிவாகக் கேட்கும். சங்கு ஊதினால் பெண்கள் கூடையோடு கீழே மடுவத்துக்கு இறங்குவார்கள். கொழுந்தை நிறுத்தால்தான் அன்றைய நாள் வேலைக்குக் கணக்கில் பேர் விழும், கூலி கிடைக்கும். நிறுவை குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. நிறுக்கவே இல்லையென்றால் பேரே இல்லை, அன்றைக்கு வெயிலில் நின்றதெல்லாம் வீண்.

காலையில் பாண் ரொட்டி கொண்டுவரும் முஸ்லிம் நானா, அன்றைக்குப் பாண் பெட்டி இல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒபீசுக்கு வந்தார். முகத்தில் இரத்தமில்லை.

"ஐயா, சந்தியில ரெண்டு லொறி நிக்கிது. ஆக்கள் பொல்லு, பெற்றோல் எல்லாம் ஏத்துறாங்க. கீழ்த் தோட்டத்துல ஒரு லயத்தப் பத்த வெச்சிட்டாங்களாம். இந்த றோட்டாலதான் வருவாங்க. புள்ளயளக் கீழ விடாதீங்க."

நான் தோட்டத்து மனேஜருக்கு, எங்கள் துரைக்கு, போன் எடுத்தேன். துரை சிங்களவர், இளம் ஆள், மனசால் கெட்டவர் இல்லை. அவருக்கும் செய்தி கிடைத்திருந்தது.

"ஐயா, பொலிசுக்குச் சொல்லிட்டேன். சங்கு அடிக்க ஓடர் குடுத்திட்டேன். ஆள் எல்லாம் லயத்துக்குப் போகணும்."

"சேர், இப்ப சங்கு அடிச்சா ஒருத்தரும் லயத்துக்குப் போகாயினம். கொழுந்தோட றோட்டுக்குத்தான் இறங்குவினம்."

"ஏன் றோட்டுக்கு? நான் சொல்றது லயத்துக்கு."

"சங்கு அப்பிடிச் சொல்லாது சேர்."

"ஓடர் குடுத்தாச்சு" என்று போனை வைத்துவிட்டார். அதிகாரம் என்றால் இதுதான் பிள்ளைகளே. நல்ல மனசோடு, சரியான நேரத்தில், தெளிவான உத்தரவு. அந்த உத்தரவு அப்படியே நடந்திருந்தால் முப்பது நாற்பது பெண்கள் அந்த லொறிகளுக்கு முன்னால் போய் வரிசையில் நின்றிருப்பார்கள்.

உடனே தொழிற்சாலைக்கு எடுத்தேன். சங்கு, தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கருடைய பொறுப்பு. எங்கள் ஊர்ப் பக்கத்து மனிசன், சட்டம் என்றால் சாமி கும்பிடுவது போல. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பார்களே, இவர் அந்தப் பூசாரி.

"அண்ணை, சங்கை அடியாதேங்கோ. அடிச்சால் பொம்பிளையள் றோட்டுக்கு இறங்கீடுவினம்."

"தம்பி, துரை சொன்னால் நான் அடிக்கத்தான் வேணும். நீர் என்ன எனக்கு மேலதிகாரியே? எழுத்தில தாரும், பாப்பம்."

எழுத்தில்! பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளுக்கு! எனக்கு வந்த கோபத்தில் போனைக் கடித்திருப்பேன். கத்தினால் அந்த மனிசன் இன்னும் விறைப்பார் என்று தெரியும், அதனால் குரலைத் தாழ்த்தினேன்.

"சரி அண்ணை. ஆனால் எப்பிடி அடிக்கச் சொன்னவர்? நிறுவைக்கு அடிக்கிற மாதிரி ஒரே நீளமாயோ, நெருப்பெண்டால் அடிக்கிற மாதிரி விட்டுவிட்டோ?"

"அது சொல்லேல்லை."

"பிறகு பிழைச்சுப் போனால் உங்களைத்தானே கேட்பினம்."

"நில்லும். கேட்டுப்போட்டு அடிக்கிறன்."

துரை அந்த நேரம் பொலிசோடும் மற்றத் தோட்டங்களோடும் பேசிக்கொண்டிருப்பார், பங்களா போன் லேசில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இது எந்த வட்டத்துக்குள் வரும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெண்கள் கொழுந்து எடுக்கும் சரிவுக்கு ஓடினேன். அவர்களை வேலை வாங்கும் கங்காணியைக் கண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே கம்பை ஓங்கி, "ஏய், எல்லாம் மேல ஏறு! ஏறு!" என்று கத்தத் தொடங்கினார். ஒருத்தியும் அசையவில்லை. அந்த மனிசன் நாள் முழுக்க அதே குரலில்தான் கத்துவார். வேகமாய் எடு, இலையைப் பார்த்து எடு, பேசாதே, ஏறு. அவர்களுடைய காதுக்கு அது காற்று மாதிரி.

நானே பெண்களிடம் சொன்னேன். "எல்லாரும் இப்பவே மேல லயத்துக்குப் போங்கோ. கொழுந்தை விடுங்கோ. றோட்டால அடிக்க வருகினம்."

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. சிவபாக்கியத்தைப் பார்த்தார்கள்.

சிவபாக்கியம் யார் என்று சொல்ல வேண்டும். தொழிற்சங்கத்தில் பதவி இல்லை, கோயில் கமிட்டியில் இல்லை, ஒன்றிலும் இல்லை. நாற்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, வாய் மட்டும் ஏழு ஊருக்குக் காணும். ஒவ்வொரு நிறுவையிலும் ஈரக் கொழுந்துக்கு நிறையில் கழிவு போடும்போது என்னோடு சண்டை பிடிக்காமல் அவள் வீட்டுக்குப் போன நாள் கிடையாது. அவளைக் கண்டாலே எனக்குத் தலையிடி. ஆனால் மடுவத்தில் எந்தப் பெண்ணின் நிறுவையில் பிழை வந்தாலும் அவளுக்காகவும் அதே தொண்டை கிழியும். மற்றவர்களுக்கு அது தெரியும்.

"யாருங்கையா வாறது?" என்றாள், கை கொழுந்தை விடாமலே.

"லொறியில. சந்தியில நிக்கினம்."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்லை. பாண்கார நானா சொன்னவர்."

"முன்ன இருந்த ஐயா மழ வருது, ஓடுங்கன்னாரு. அதையும் நாங்க கண்ணால பாக்கல. ஓடினோம். மழயும் வரல, முழுப்பேரும் வரல. அரப்பேருதான் வந்திச்சு."

அது உண்மை. எனக்கு முன்னால் அந்த டிவிசனில் இருந்தவர் அன்றைய செலவைக் குறைக்க அப்படி ஒரு கூத்துப் பண்ணியிருந்தார். அவர் சொல்லின் மதிப்பைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டார், அந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்தவன் நான்.

"இண்டைக்கு முழுப்பேர். நான் சொல்லுறன்."

"சொல்றது வாய்தானுங்களே ஐயா. பேரு போடுறது தராசுல்ல? தராச மேல கொண்டாங்க. நிறுத்துட்டு லயத்துக்குப் போறோம்."

"பேர வெட்டிப்புடுவேன்!" என்று கங்காணி பாய்ந்தார்.

"வெட்டுங்க கங்காணி. அது ஒண்ணுதானே ஒங்களுக்குத் தெரிஞ்ச வேல."

எனக்குத் தலை வெடித்தது. உயிர் போகிற நேரத்தில் நிறுவைக் கதை பேசுகிறாளே! கெட்ட வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவளோடு வாதாடி வென்றவன் அந்தத் தோட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. சங்கு எந்த நேரமும் ஊதலாம். கங்காணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மடுவத்துக்குள் போனதும் கங்காணி வாசலிலேயே நின்றார். "ஐயா, தராசு மடுவத்தவிட்டு நகரக் கூடாதுன்னு தொர உத்தரவுங்க."

"கங்காணி, அந்தக் கம்பைப் பிடியுங்கோ எண்டு சொல்லுறன்!"

அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது. தராசு மாட்டியிருந்த கொக்கி துருப்பிடித்துப் போய்க் கழற மாட்டேன் என்றது. கல்லால் அடித்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் லொறி கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது. கொக்கி கழன்றது. தராசு சரியான பாரம், பழைய காலத்து இரும்பு. நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டேன், கங்காணி அதைத் தொங்கவிடும் மூன்று கம்புகளையும் தூக்கினார். குறுக்குப் பாதையால் ஏறினோம். ஒருமுறை சறுக்கி முழங்கால் கிழிந்தது. நான் கால்சட்டையும் நீளக் காலுறையும் போட்ட உத்தியோகத்தன். அந்தத் தோட்டத்தில் குடையைத் தவிர வேறொன்றும் தூக்கியவன் இல்லை.

சிவபாக்கியம் நாங்கள் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கிட்ட வந்து, மூச்சு முட்ட, "இந்தா உன்ரை தராசு" என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவள் முதுகில் இருந்த கூடையை இறக்கி, நிறையக் கிடந்த கொழுந்தைத் தரையிலே கொட்டினாள்.

"ஏறுங்கடி" என்றாள்.

"அக்கா, கொழுந்து?"

"கொட்டுடி. ஏறு."

முப்பது நாற்பது கூடையும் கவிழ்ந்தன. ஒரு நிமிஷத்தில் எல்லோரும் பாதையில்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "அப்ப இந்தச் சனியனை நான் என்னத்துக்குச் சுமந்தனான்?"

"போட்டுட்டு வாங்கையா. மூச்சு வாங்குது ஒங்களுக்கு."

தராசைத் தேயிலைக்குள் எறிந்துவிட்டு நானும் ஏறினேன். பாதி தூரம் போயிருப்போம், டீமேக்கருக்குப் பங்களா போன் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. சங்கு ஊதியது. ஒரே நீளம், நிறுவைக்கு ஊதுகிற அதே ஊதல். முன்னால் போன பெண்கள் நின்றார்கள். இரண்டு மூன்று பேர் திரும்பிவிட்டார்கள். கூடையில் ஒரு இலை இல்லை, கீழே லொறிச் சத்தம் கேட்கிறது, இருந்தும் கால் தன்பாட்டில் கீழே திரும்புகிறது. சிறுபிள்ளையிலிருந்து அந்தச் சங்குக்கு நடந்த கால்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த பயம் லொறிச் சத்தம் கேட்டபோதுகூட வரவில்லை.

நான் கத்தினேன், கங்காணி கத்தினார். சிவபாக்கியம் கடைசியாக வந்துகொண்டிருந்தாள். ஒற்றையடிப் பாதையின் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எவ எறங்குறது? என்னயத் தாண்டி எறங்கு, பாப்போம்."

உரத்துக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் திரும்பி ஏறினார்கள்.

நாங்கள் லயத்துக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டோரத்துக்கு நகர்ந்தபோது, கீழே மடுவத்திலிருந்து புகை எழும்பியது. லொறியில் வந்தவர்கள் அதை எரித்துவிட்டு, ஆள் ஒன்றும் அகப்படாமல், மேலே ஏறப் பாதையும் தெரியாமல் போய்விட்டார்கள். அன்றைக்கு எங்கள் டிவிசனில் ஒரு உயிரும் போகவில்லை. மற்ற இடங்களில் போனது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு ஒருநாள் நான் அவளைக் கேட்டேன், தராசு வந்தும் ஏன் நிறுக்கவில்லை என்று. "ஒங்கள மாதிரி ஐயாமாரு சொமந்து நாங்க பாத்ததில்ல. சொமந்துகிட்டு அந்த ஓட்டம் ஓடி வந்தா அது நெசமாத்தான் இருக்கும்னு தெரிஞ்சிச்சு" என்றாள். அடுத்த நிறுவையில் ஈரக் கழிவுக்கு வழக்கம்போலச் சண்டை பிடித்தாள். ஒரு றாத்தல்கூட விட்டுத்தரவில்லை.

துரை என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். மடுவம் போயிற்று, கொழுந்து போயிற்று, தராசு நசுங்கிக் கிடக்கிறது, இதில் எல்லோருக்கும் முழுப்பேரா என்று கேட்டார். "சேர், நான் சொல்லிப்போட்டன்" என்றேன். நீ யார் சொல்ல என்றார். நியாயமான கேள்விதான். எனக்கு அந்த அதிகாரம் இல்லை. இன்றைக்கு அதைப் போடாவிட்டால் அடுத்தமுறை என்ன சொன்னாலும் ஒருவரும் அசையமாட்டார்கள், அப்போது நீங்களே வந்து தராசு தூக்குங்கள் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். சொன்னேனே, கெட்ட மனிசன் இல்லை.

இத்தோடு கதை முடிந்தால் உங்கள் பேச்சாளர் இதையும் ஒரு வட்டத்துக்குள் போட்டு நட்சத்திரம் வைத்துவிடுவார். முடியவில்லை.

அந்தக் காலத்தில் இரண்டு அரசாங்கமும் பேசி, இந்தியாவிலிருந்து வந்த பரம்பரையான தோட்டச் சனத்தில் ஒரு பகுதிக்கு இந்தியப் பிரஜாவுரிமை என்று முடிவாகி, பாஸ்போர்ட்டும் கையில் வந்திருந்தது. பலருக்குப் போக மனமில்லை. இங்கேயே பிறந்தவர்கள், தாயும் இங்கேயே பிறந்தவள், இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. பாஸ்போர்ட்டைத் தகரப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கலவரத்துக்குப் பிறகு சிவபாக்கியம் பெட்டியைத் திறந்தாள். அவள் திறந்ததும் அவளுடைய லயத்தில் இருந்த எல்லாக் குடும்பங்களும் திறந்தன.

துரைக்குப் பதற்றம். கொழுந்து முற்றுகிறது, கை இல்லை. என்னைக் கூப்பிட்டார். இந்தமுறை கதிரை தந்து உட்கார வைத்தார்.

"ஐயா, உன் பேச்சுக் கேட்பாங்க. நீ போய்ச் சொல்லு, இருக்கச் சொல்லு."

எனக்கு உள்ளுக்குள் பெருமை, மறைப்பானேன். துரையால் முடியாதது, பொலிசால் முடியாதது என்னால் முடியும் என்ற நினைப்போடு லயத்துக்குப் போனேன். எனக்கும் அவர்கள் இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. சிவபாக்கியம் வாசலில் உட்கார்ந்து அம்மியைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மியைக் கொண்டுபோகிறவளைப் பார்த்து என்ன பேசுவது? இருந்தும் பேசினேன். அங்கே யாரைத் தெரியும், என்ன வேலை கிடைக்கும், பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். அவள் வெட்டிப் பேசாமல் கேட்டாள். அவள் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை. மற்றப் பெண்களும் வாசல்களில் வந்து நின்றார்கள்.

"நீங்க சொல்றது எல்லாம் சரிங்கையா" என்றாள். "எனக்கும் போக ஆசயில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இனிமே இப்பிடி நடக்காது, இருன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நாங்க இருந்துக்கிறோம்."

ஒரு சொல். "நடக்காது" என்று சொன்னால் போதும். துரை சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நான் சொன்னால் அம்மியை அவிழ்த்திருப்பார்கள், அது அவளுடைய முகத்திலேயே தெரிந்தது. இத்தனை பேருடைய வாழ்வைத் திருப்பும் பலம் என் வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான் எனக்கு இருந்தது. சொல்ல வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? நாக்கு நுனியில் நின்றது.

"எனக்குத் தெரியாது சிவபாக்கியம்" என்றேன்.

"சரிங்கையா" என்று சொல்லிவிட்டு முடிச்சை இறுக்கினாள்.

கண்டி ஸ்டேசனில் அவர்களை ரயில் ஏற்றி அனுப்பினேன். துரை ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போன குடும்பங்கள் அங்கே நன்றாக இருந்தார்களா, பட்டினி கிடந்தார்களா, என்னைத் திட்டினார்களா, எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கடிதமும் வரவில்லை. எத்தனையோ நாள் நான் என்னையே ஏசியிருக்கிறேன், ஒரு பொய் சொல்லித் தடுத்திருக்கலாமே என்று.

சில வருஷங்களில் அடுத்த கலவரம் வந்தது. இந்தமுறை வந்தவர்களுக்குப் பாதை தெரிந்திருந்தது. றோட்டில் நிற்கவில்லை, பின்பக்கத்தால் நேரே மேலே வந்தார்கள். சங்கு ஊதவுமில்லை, எனக்குச் செய்தி வரவுமில்லை. முதலில் எரிந்தது சிவபாக்கியம் இருந்த லயம். கூரைத் தகரம் வெடிக்கும் சத்தத்தைக் காட்டுக்குள் ஒளித்திருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த லயத்தில் அப்போது யாரும் இல்லை. ஆள் பற்றாக்குறை என்று துரை அதைப் பூட்டியே வைத்திருந்தார்.